மால்டாவுக்கு ஒரு நீதி, அம்பத்தூருக்கு ஒரு நீதியா?

சமூக வலைத்தளங்களுக்கு உலகப் பொதுத் தரநிலை ஏன் வேண்டும்: சென்னையின் மேற்குப் புறநகர் காட்டும் காரணங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில், லேத்துக்கு அருகே உள்ள மேசையில், எண்ணெய் தோய்ந்த துணியின்மேல் சிறிய எஃகு உருளை ஒன்று கிடக்கும். அதன் ஒரு முனை, கடைந்தெடுத்த பாகத்தின் துளைக்குள் தடையின்றி இறங்க வேண்டும், மறுமுனை இறங்கக் கூடாது. 'கோ, நோ-கோ கேஜ்' என்று தொழிலாளர்கள் வழங்கும் இந்த அளவி, பாகத்தைச் செய்தவர் யார், வாங்குபவர் யார் என்று பார்ப்பதில்லை. கடைபவர் பீகாரிலிருந்து வந்தவராக இருக்கலாம், வரைபடம் ஜெர்மனியில் வரையப்பட்டிருக்கலாம், பாகம் பொருத்தப்படும் வண்டி ஓரகடத்திலோ மெக்சிகோவிலோ ஓடலாம்; அளவு மட்டும் எங்கும் ஒன்றே. 1960களில் தொடங்கிய இந்தப் பேட்டை உலகச் சந்தையில் இடம்பிடித்ததற்கு உழைப்பு மட்டும் காரணமல்ல. ஐஎஸ்ஓ 9001, வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 போன்ற பொதுத் தரநிலைகளை, அதாவது பல நாட்டவர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டு வெளியார் தணிக்கைக்கும் உட்படுத்திய நடைமுறை விதிகளை, இங்குள்ள சிறு முதலாளிகள் சிரமப்பட்டுக் கற்று நிறைவேற்றியதும் காரணம்.

அதே தொழிலாளரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியும் இத்தகைய பொதுத் தரங்களால் ஆனதுதான்: அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும், அது பற்றும் அலைவரிசையும், சிம் அட்டையின் அளவும் உலகெங்கும் ஒரே முறையில் வகுக்கப்பட்டவை. ஆனால் அந்தத் திரையில் ஓடும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் ஆகியவற்றுக்கு, ஒரு பொய்ச் செய்தி குறித்துப் புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில், எந்த மொழி அறிந்தவர், எந்த நடைமுறைப்படி அதைப் பார்க்க வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வகுத்த தரநிலை எதுவும் கிடையாது. ஐரோப்பியர் ஒருவருக்குச் சட்டப்படி கிடைக்கும் பதில், ஆவடியில் குடியிருப்பவருக்கு நிறுவனத்தின் மனம்போல் கிடைக்கிறது அல்லது கிடைக்காமலே போகிறது.

திருப்பூர்ச் சண்டை பாட்னாவில் கொலையான விதம்

2023 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும், தமிழ்நாட்டில் இந்தி பேசும் தொழிலாளர்கள் தேடித்தேடித் தாக்கப்படுவதாகவும் கொல்லப்படுவதாகவும் கூறும் காணொளிகள் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேச மாநிலங்களில் வேகமாகப் பரவின. மார்ச் 2 அன்று அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சி. சைலேந்திர பாபு விளக்கம் அளித்தார்: பரப்பப்பட்டவற்றுள் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு. ஆயினும் பொய் அதற்குள் பீகார் சட்டமன்றம் வரை போய்விட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்றை அனுப்ப வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பீகார் முதல்வர் நிதீஷ் குமாருடன் தொலைபேசியில் பேச வேண்டியதாயிற்று. ஹோலிப் பண்டிகைக்காகத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பும் பருவம் அது. ரயில் நிலையங்களில் திரண்ட வழக்கமான கூட்டத்தைக்கூட அச்சத்தால் ஓடுவோர் என்று காட்டுவது எளிதாக இருந்தது; உண்மையாகவே அஞ்சிக் கிளம்பியவர்களும் அதே பெட்டிகளில் இருந்தார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு இது தொலைதூரத்துச் செய்தியல்ல. பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் இறங்கி ஏறும் கூட்டத்தில் தமிழுக்கு நிகராக இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கின்றன. வார்ப்படப் பட்டறை, முலாம் பூசும் கூடம், கட்டுமானத் தளம், உணவகச் சமையலறை என்று உள்ளூர் இளைஞர்கள் விலகிப்போன வேலைகளையெல்லாம் இவர்களே தாங்குகிறார்கள். பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தும் பட்டறையில் நான்கு பேர் ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால், அந்த மாதத்தின் ஆர்டர் தவறுகிறது, வங்கித் தவணை தவறுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, ஒரே அறையில் தங்கி ஒரே இயந்திரத்தில் மாறிமாறி வேலை செய்பவர்களுக்கிடையே புகுந்துவிடும் சந்தேகம். அதற்குக் காப்பீடு கிடையாது.

சட்டம் தன் கடமையைச் செய்யாமல் இல்லை. வதந்தி பரப்பியவர்கள்மீது தமிழ்நாட்டிலும் பீகாரிலும் வழக்குகள் பதிவாயின. பீகாரைச் சேர்ந்த யூடியூபர் மணீஷ் காஷ்யப் மார்ச் மாதத்தில் சரணடைந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் ஏவப்பட்டது; அந்தத் தடுப்புக்காவலைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. விசாரணையின்றி அடைத்து வைக்க வகைசெய்யும் சட்டத்தைப் பேச்சுக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் அளவுக்கு அரசு போனதே, அதன் கையில் பொருத்தமான கருவி வேறு இல்லை என்பதைக் காட்டுகிறது. தனிமனிதரைப் பிடிக்க முடிந்தது. வலையமைப்பைக் கேள்வி கேட்க முடியவில்லை. அந்தக் காணொளிகள்மீது முதல் புகார் எப்போது வந்தது, அதைப் பார்த்தவர் யார், அவருக்கு எந்த மொழி தெரியும், நீக்குவதற்குள் எத்தனை லட்சம் பேருக்கு நிறுவனத்தின் பரிந்துரை நிரல் அதை எடுத்துச் சென்றது ஆகிய கேள்விகளுக்குப் பொதுமக்களிடம் பதில் சொல்லும் கடமை எந்த நிறுவனத்துக்கும் விதிக்கப்படவில்லை. நிறுவனம் அமெரிக்காவில் இருப்பதால், குற்ற விசாரணைக்கான விவரங்களை முறைப்படி பெற, 2001இல் கையெழுத்தாகி 2005இல் நடைமுறைக்கு வந்த இந்திய–அமெரிக்கப் பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தத்தின் நீண்ட வழியில் போக வேண்டியிருக்கிறது. வதந்தியின் ஆயுள் நாள்கணக்கு. அந்த வழியின் ஆயுள் மாதக்கணக்கு.

பூந்தமல்லி விடுதி: வதந்தியின் மறுபக்கம்

வதந்தி எல்லாம் சதி என்று முடிவுகட்டுபவர்கள் 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஐபோன்களை இணைத்துத் தரும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் ஜமீன் கொரட்டூர் விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், யார் திரும்பினார்கள் என்று உடன் தங்கியிருந்தவர்களுக்கே தெரியாத நிலையில், சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். மறியல் மறுநாளும் நீடித்தது. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களுடன் காணொளி அழைப்பில் பேசிக் காட்டி, அவர்கள் உயிரோடு இருப்பதை அதிகாரிகள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மரணச் செய்தி பொய். அதைப் பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார்.

ஆனால் அந்தப் பொய்யின் அடியில் இருந்த குறை பொய்யல்ல. விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. சீரமைப்புப் பணிகளுக்குப் பிறகு 2022 ஜனவரி 12 அன்றுதான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இந்நிகழ்விலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, சந்தேகத்துக்குரிய பதிவுகளை உடனுக்குடன் நீக்குவதையே சிறந்த தரம் என்று கொண்டிருந்தால், அந்தப் பெண்களின் முறையீடும் சேர்ந்தே நீக்கப்பட்டிருக்கும்; சரியான தகவலை உரிய வேளையில் தராதவர்களின் பொறுப்பு வெளியே வந்திருக்காது. இரண்டாவது, விடுதிக்கும் கழிப்பறைக்கும் சமையலறைக்கும் எல்லா நாட்டு ஆலைகளுக்கும் பொதுவான நடத்தை விதி ஒன்று எழுத்தில் இருந்ததால்தான் அதை மீறியதைச் சுட்டிக்காட்ட முடிந்தது. கைப்பேசியைச் செய்யும் இடத்துக்குப் பொது விதி உண்டு, கைப்பேசியில் ஓடும் வலையமைப்புக்கு இல்லை என்ற முரண், பூந்தமல்லியைத் தவிர வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்ததில்லை.

ஐந்து பேருக்கு மட்டும்

அதற்கும் முன்பே, 2018 மே மாதத்தில், குழந்தை கடத்தும் கும்பல் உலவுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய ஒலிப்பதிவுகளும் படங்களும் தமிழ்நாட்டில் உயிர்களைக் குடித்தன. சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டுக்குப் போயிருந்த மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததால் சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பழவேற்காட்டில், ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். நாட்டின் பிற பகுதிகளிலும் கொலைகள் தொடர்ந்த பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. பிற நாடுகளில் அப்போது அந்த வரம்பு 20. உலகம் முழுவதற்கும் அதே ஐந்து என்ற வரம்பு 2019 ஜனவரியில் வந்தது. இன்று திரையில் இரட்டை அம்புக்குறியோடு தோன்றும் 'பலமுறை முன்னனுப்பப்பட்டது' என்ற குறிப்பும், அத்தகைய செய்தியை ஒரே உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்ற 2020ஆம் ஆண்டுக் கட்டுப்பாடும் அதன் தொடர்ச்சியே. பயனுள்ள விதிகள்தான், ஆனால் எந்த நாட்டுச் சட்டமும் அவற்றைக் கேட்கவில்லை, நாளை நிறுவனம் அவற்றைத் தளர்த்தினால் தடுப்பாரும் இல்லை.

பெட்டிச் செய்தி: நாட்டுக்கு நாடு

*ஐரோப்பிய ஒன்றியம்:* எண்மச் சேவைகள் சட்டம், 2022. 4.5 கோடிக்கு மேற்பட்ட ஐரோப்பியப் பயனர்களைக் கொண்ட தளங்கள் ஆண்டுதோறும் ஆபத்து மதிப்பீடு செய்து வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும். மீறினால் உலக வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம்.

*பிரிட்டன்:* இணையப் பாதுகாப்புச் சட்டம், 2023. அபராதம் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது.

*இந்தியா:* 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் இந்தியாவில் குறைதீர் அதிகாரியை அமர்த்தி மாதந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும். மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023 முதல் இயங்குகின்றன.

*இலங்கை:* நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024. குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஆணைக்குழுவுக்கு நீக்க அதிகாரம். கருத்துரிமை அமைப்புகளின் கடும் எதிர்ப்பு.

*ஆஸ்திரேலியா:* 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருக்கத் தடை, 2025 டிசம்பர் 10 முதல்.

5 லட்சம் பேரும் 7 கோடிப் பேரும்

ஒரே நிறுவனம், ஒரே மென்பொருள், ஒரே உரிமையாளர். ஆனால் பாதுகாப்பு மட்டும் மொழிக்கு மொழி வேறு. ஐரோப்பியச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பெரிய தளங்கள் ஒன்றியத்தின் அலுவல் மொழி ஒவ்வொன்றுக்கும் எத்தனை மட்டுறுத்துநர்களை வைத்திருக்கின்றன என்று பொதுவில் அறிவிக்க வேண்டும் என்கிறது. மட்டுறுத்துநர் என்பவர், புகாருக்குள்ளான பதிவைப் படித்து அது இருக்கலாமா நீங்க வேண்டுமா என முடிவு செய்யும் ஊழியர். இந்த விதியின்படி, ஏறத்தாழ 5 லட்சம் பேர் பேசும் மால்டா மொழிக்கு எத்தனை பேர் என்பதை நிறுவனங்கள் கணக்குக் காட்ட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேர் பேசும் தமிழுக்கு அந்தக் கணக்கைக் காட்ட வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்திய விதிகள் கேட்கும் மாத அறிக்கையில் புகார்களின் எண்ணிக்கையும் நடவடிக்கைகளின் எண்ணிக்கையும் உண்டு. மொழிவாரிக் கணக்கு இல்லை. தமிழில் கொடுத்த புகாரைத் தமிழ் தெரிந்தவர் பார்த்தாரா, இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்துவிட்டு யாரோ முடிவெடுத்தாரா என்பதை அறிய வழியே இல்லை.

இந்தப் பாகுபாடு ஊகமல்ல. ஃபேஸ்புக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களின்படி, பொய்த் தகவலை அடையாளங்காணச் செலவிடும் நேரத்துக்கான ஒதுக்கீட்டில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்குப் போயிற்று. அந்நிறுவனத்தின் அன்றாடப் பயனர்களில் அமெரிக்கர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரே. எஞ்சிய 13 விழுக்காட்டை உலகின் மற்ற நாடுகளெல்லாம் பங்கிட்டுக்கொண்டன. அதன் விளைவை முதலில் அனுபவித்தவர்களில் இலங்கை மக்களும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம்கள்மீது வன்முறை வெடித்தபோது, சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள்மீது குடிமைச் சமூக அமைப்புகள் முன்னரே கொடுத்திருந்த புகார்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. அரசு ஒரு வாரத்துக்கு மேல் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்தான். எரிந்த கடைகளுக்கும் வருத்தத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்.

எதைப் பேசலாம் என்பதற்கல்ல

பொதுத் தரநிலை என்றதும் பலருக்கு எழும் அச்சம் நியாயமானது. எல்லா நாட்டு அரசுகளும் சேர்ந்து எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று பட்டியலிட்டால், மிகக் கடுமையான அரசின் பட்டியலே எல்லோருக்கும் பட்டியலாகிவிடும். இந்த அச்சத்துக்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 'மனத்தைப் புண்படுத்தும்' பதிவுக்கு மூன்றாண்டுச் சிறை என்று விதித்திருந்தபோது, 2012இல் புதுச்சேரியைச் சேர்ந்த சிறு தொழிலதிபர் ஒருவர் ஓர் அரசியல் குடும்பத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகக் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்களோ மிகச் சிலர். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது.

ஆகவே தரப்படுத்த வேண்டியது பேச்சையல்ல, நடைமுறையை. எது அவதூறு, எது வெறுப்பு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். ஆனால் புகார் வந்தால் பதிவு எண் தருவது, புகார்தாரரின் மொழி அறிந்தவர் அதைப் படிப்பது, குறித்த காலத்துக்குள் காரணத்தோடு பதில் தருவது, நீக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு தருவது, வன்முறை மூளும் வேளையில் பரிந்துரை நிரலின் வேகத்தைத் தணிப்பது, மொழிவாரி எண்ணிக்கையை வெளியிட்டு வெளியார் தணிக்கைக்கு ஒப்படைப்பது, அரசு நீக்கச் சொன்ன பதிவுகளின் கணக்கையும் அதே அறிக்கையில் சேர்ப்பது ஆகியவை பெர்லினுக்கும் பூந்தமல்லிக்கும் ஒன்றாக இருப்பதால் எவருடைய கருத்துரிமையும் குறைவதில்லை. கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. நிறுவனத்தை மட்டும் கண்ணாடிக் கூண்டில் நிறுத்திவிட்டு அரசு இருட்டில் நின்றால் அந்தத் தரநிலை அடக்குமுறைக் கருவியாகிவிடும்.

நாடுகளுக்கிடையே நடைமுறையைப் பொதுவாக்குவது புதிதுமல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஒரு கடிதம் மூன்று நாடுகளைக் கடந்தால் மூன்று கட்டணமும் மூன்று எடை விதியும் இருந்தன. 1874 அக்டோபர் 9 அன்று 22 நாடுகள் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒப்பந்தம் செய்து, இன்று உலக அஞ்சல் ஒன்றியம் எனப்படும் அமைப்பை உருவாக்கின. இந்தியா 1876இல் சேர்ந்தது. எடை, கட்டணம், கடிதம் தொலைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை அந்த ஒப்பந்தம் முடிவு செய்தது. கடிதத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அது கேட்கவில்லை.

இணையத்திலும் ஒரு துறையில் இது நடந்திருக்கிறது. குழந்தைகள்மீதான பாலியல் கொடுமைப் படங்களைக் கண்டறிய, ஒவ்வொரு படத்திலிருந்தும் 'ஹேஷ்' எனப்படும் எண்தொகுப்பை, கைரேகை போல, கணித்து வைக்கும் நுட்பத்தை 2009இல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றன. கண்டறிந்தவற்றை அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குத் தெரிவிப்பது அங்குச் சட்டக் கடமை. இந்தியத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019 ஏப்ரலில் அந்த மையத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், அவ்வழியே வந்த தகவலைக் கொண்டு திருச்சியில் ஒருவர் கைது செய்யப்பட்டார். அமெரிக்காவில் உள்ள வழங்கியிலிருந்து திருச்சித் தெருவரை தகவல் வந்து சேர்ந்தது, இடையிலிருந்த எல்லோரும் ஒரே நடைமுறையை ஏற்றிருந்ததால்தான். வதந்தியைக் கண்டறிவது அவ்வளவு எளிதல்ல என்பது உண்மை. ஒரு படத்தின் குற்றத்தன்மையில் எந்த நாட்டுக்கும் ஐயமில்லை, ஒரு செய்தியின் பொய்மையை நிறுவவோ ஆளும் நேரமும் வேண்டும். ஆனால் புகாரைப் பெற்றுக் கடத்தும் வழித்தடத்தை அமைப்பதற்கு அந்த வேறுபாடு தடையாகாது.

அரட்டையும் ஐ.நா.வும்

பொதுத் தரம் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப முடிவது. சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' 2025 செப்டம்பரில் திடீர்ப் புகழ் பெற்றபோது, யுபிஐ பணப் பரிமாற்றம் போலச் செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கூறினார். உலகளாவிய இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி, 'ஆக்டிவிட்டிபப்' என்ற இணைப்பு நெறிமுறையை 2018இலேயே பரிந்துரைத்திருக்கிறது. பிடிக்காத தளத்தை விட்டு, நண்பர்களை இழக்காமல், வேறொரு தளத்துக்குப் போக முடிந்தால் நிறுவனங்களின் பிடி தளரும். ஆனால் திறந்த வழியில் வதந்தியும் சேர்ந்தே பயணிக்கும் என்பதால், புகார் நடைமுறை அதற்குமுன் பொதுவாகியிருக்க வேண்டும்.

உலக அரங்கில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. யுனெஸ்கோ 2023 நவம்பரில் தளங்களின் ஆளுகைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது, ஐ.நா. பொதுச்சபை 2024 செப்டம்பர் 22 அன்று உலக எண்ம ஒப்பந்தத்தை ஏற்றது. இரண்டும் நல்ல ஆவணங்கள், இரண்டும் எவரையும் கட்டுப்படுத்தாதவை. கட்டுப்படுத்தும் வலிமை பெரிய சந்தைகளிடம் இருக்கிறது. இந்தியா அத்தகைய சந்தை. ஐரோப்பா தன் 42ஆம் பிரிவில் கேட்டதை இந்தியா தன் மாத அறிக்கை விதியில் ஒரு வரியாகச் சேர்த்தாலே, நிறுவனங்கள் தமிழுக்கும் ஒடியாவுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். உலகின் இரண்டு பெரும் சந்தைகள் ஒரே படிவத்தைக் கேட்கும்போது, அதுவே பொதுத் தரநிலையின் முதல் வரைவாகிவிடும்.

அந்த வரியை எழுதும்போது மொழிப் பட்டியல் கவனமாக அமைய வேண்டும். 2022 அக்டோபரில் திருத்தப்பட்ட இந்திய விதிகள், தளங்கள் தம் விதிமுறைகளை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் தரச் சொல்கின்றன. அம்பத்தூரில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர்கள் பலரின் வீட்டு மொழியான போஜ்புரி அந்த அட்டவணையில் இல்லை. 2022 ஜனவரியில் உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் அம்பத்தூரும் பூந்தமல்லியும் அடங்கும். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய உண்மை சரிபார்ப்பகமும் இயங்குகிறது. நாளை போஜ்புரியில் ஒரு பொய் பாட்னாவில் புறப்பட்டுப் பட்டரவாக்கத்து விடுதி அறைக்கு வந்தால், இவ்விரு அமைப்புகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மறுப்பு எழுதலாம். போஜ்புரி தெரிந்த மட்டுறுத்துநர் ஒருவரை அமர்த்தும்படி நிறுவனத்தைக் கேட்கும் விதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.